அந்த ஒரு வரியை வெட்டாதே

கேள்வி: அக்கா, எனக்கு வயது 21. கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் இருந்தே பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்று ஆசை. நாட்டு நடப்பு, சினிமா, டிவி நிகழ்ச்சி, கிரிக்கெட் என்று எதைப் பார்த்தாலும் எனக்கு ஒரு கருத்து வந்துவிடும். உடனே எழுதி விடுவேன். இரண்டு வருடத்தில் நாற்பதுக்கும் மேல் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட அச்சில் வரவில்லை. அப்பா இல்லை. அம்மா அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு, வேலைக்குப் போகிறார்கள். மாமா, ‘கருத்து சொன்னா கஞ்சி கிடைக்குமா? பேங்க் பரீட்சைக்குப் படி’ என்கிறார். சினிமா, டிவி பற்றி எழுதினால் மட்டமாக நினைப்பார்களா? இதழியல் படிக்காமல் இந்த வேலைக்கு வர முடியுமா? ஐந்து கட்டுரைகளை இணைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, ஐந்தையும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன் என்று சொன்னால் பொய். நாலை ஒரு தடவை, ஒன்றை மூன்று தடவை.

அமெரிக்க வரி பற்றியது, நடிகர்கள் அரசியலுக்கு வருவது பற்றியது, செயற்கை நுண்ணறிவு பற்றியது, ஒரு மலையாளப் படத்தைப் பற்றியது. இந்த நாலிலும் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றுப்பிழைகூட குறைவுதான், அதற்கு உன் தமிழ் டீச்சருக்கு ஒரு கும்பிடு. ஆனால் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் சேலத்தில் இருந்து வந்ததா, செங்கல்பட்டில் இருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. ‘குறிப்பிடத்தக்க சவால்களை எதிர்கொள்கிறது’ என்று ஓர் இடத்தில் வருகிறது. அதை எழுதியது நீயா, உன் போனா? யாராக இருந்தாலும் சரி, கருங்கல் சந்தையில் அப்படிப் பேசி ஒரு கிலோ மரச்சீனிக் கிழங்கு வாங்க முடியாது.

ஐந்தாவது, பிக்பாஸ் பற்றியது. முதல் இரண்டு பக்கம் ‘சமூகச் சீரழிவு’ என்று வழக்கமான பாட்டு. மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், இப்படி எழுதியிருக்கிறாய்: ‘காலையில் இருந்து சாயங்காலம் வரை குத்தவைத்து அண்டி உடைத்துவிட்டு வந்த அம்மாவுக்கு, பாத்திரம் யார் கழுவுவது என்று அத்தனை பேர் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அதற்காகத்தான் பார்க்கிறார்.’

மூன்று தடவை படித்தது இதைத்தான். அந்த நிகழ்ச்சியைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் வேலை பார்த்துக் களைத்த ஒரு பெண் இன்னொருவர் வேலை செய்ய மறுப்பதைப் பார்த்து ஏன் சிரிக்கிறார் என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நீயும் கேட்கவில்லை. அடுத்த வரியிலேயே ‘ஆனால் இளைய தலைமுறையோ’ என்று பழைய பாட்டுக்குப் போய்விட்டாய்.

இப்போது அந்த அமெரிக்க வரிக் கட்டுரையை எடு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரி போட்டபோது எழுதியிருக்கிறாய். திருப்பூர் வருகிறது, இறால் வருகிறது, டாலர் வருகிறது. அண்டி ஆபீஸ் வரவில்லை! உன் வீட்டில் ஒருவர் தினமும் ஏற்றுமதிச் சரக்கைக் கையால் தொட்டுவிட்டு வருகிறார். அவர் கையில் அண்டித்தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த கறை இருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது. சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள். சோற்றை அந்தக் கையால்தான் உனக்குப் பிசைந்து தந்திருப்பார். உலக வர்த்தகம் பற்றி எழுத வாஷிங்டனில் இருந்து தொடங்கிய உனக்கு, அந்தக் கையில் இருந்து தொடங்கலாம் என்று தோன்றவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் உள்ள வியாதி இது. செய்தி என்றால் அது வேறு எங்கோதான் நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் உன் இடத்தில் இருந்தால் அந்தக் கட்டுரைக்கு என்ன செய்திருப்பேன் என்று சொல்கிறேன். முதலில் அம்மாவிடம் கேட்டிருப்பேன்: போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது? அதற்கு முந்தைய மாதம்? போன வருடம் இதே மாதம்? பெண்கள் இந்தக் கணக்கை மறக்க மாட்டார்கள், சீட்டுப் பணம் கட்டிய நாளை வைத்துச் சொல்லிவிடுவார்கள். கூலி கிலோ கணக்கா, நாள் கணக்கா? பருப்பு உடைந்துபோனால் யார் கணக்கில் பிடிப்பார்கள்? டபிள்யூ 320 என்று டின்னில் எழுதியிருக்கிறதே, ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 320 முழுப்பருப்பு என்று பொருள். அந்த 320-ல் ஒன்று இரண்டாகப் பிளந்தால் அது தரம் இறங்கி வேறு பெட்டிக்குப் போகும். அந்த ஒரு பருப்புக்காக ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு தோலை உரிக்கிறாள். இதை எழுதினாலே படிக்கிறவன் அடுத்த தடவை பாயசத்தில் முந்திரியைப் பார்த்து ஒரு நொடி நிற்பான்.

அப்புறம் அண்டி எங்கே இருந்து வருகிறது? இங்கே விளைவது போதாது என்பதால் ஆப்பிரிக்க நாடுகளில் இருந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாக வருகிறது. பருப்பு எங்கே போகிறது? அமெரிக்காவுக்கா, வளைகுடாவுக்கா, இல்லை தீபாவளிக்கு நம் ஊர் மிட்டாய்க் கடைக்கேவா? அமெரிக்காவுக்கே போகாத ஆபீஸ் என்றால் அந்த வரியால் அங்கே ஒன்றும் ஆகியிருக்காது. வேலை குறைந்ததற்குக் காரணம் வியட்நாம் மிஷின் வைத்து உடைத்து மலிவாக விற்பதாக இருக்கலாம். அப்படியானால் உன் கட்டுரையின் கருத்தே தலைகீழாகிவிடும். ஆகட்டுமே. எழுத உட்காரும்போது இருந்த கருத்து முடிக்கும்போதும் அப்படியே இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும், இவள் யாரையும் போய்க் கேட்கவில்லை என்று.

முதலாளியிடமும் கேட்க வேண்டும். அவருக்கும் ஒரு கதை இருக்கும், வங்கிக் கடன், பச்சை அண்டி விலை, ஆள் கிடைக்காதது என்று. மாவட்டத்தில் பதிவான முந்திரி ஆலைகள் எத்தனை, ஐந்து வருடத்தில் மூடியவை எத்தனை என்று தொழிலாளர் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் மேல்முறையீடு இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. நீ எந்தப் பத்திரிகையிலும் இருக்க வேண்டியதில்லை, குடிமகளாக இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா வேலை பார்க்கும் அதே ஆபீசைப் பற்றி எழுதாதே. உன் பேரும் ஊரும் தெரிந்தால் மறுநாள் அவரைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். உனக்குக் கட்டுரையில் பேர் வரும், அவருக்கு வேலை போய்விடும். மார்த்தாண்டம் பக்கமோ நட்டாலம் பக்கமோ நாலு ஊர் தள்ளிப் போ. ‘என் அம்மாவும் இந்தத் தொழிலில் இருக்கிறார்’ என்று கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிடு. அதை ஒளித்து வைத்து எழுதினால் பின்னால் தெரியும்போது எழுதியது முழுவதும் சந்தேகமாகிவிடும்.

சரி, சினிமா எழுதினால் மட்டமா என்று கேட்டாய். நம் ஒழுகினசேரிக்காரர் கலைவாணரை வைத்தே சொல்கிறேன். 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்று ஒருவர் இருந்தார். சினிமாக்காரர்களின் படுக்கையறைக் கதைகளை எழுதுவதுதான் அவருடைய பத்திரிகைத் தொழில். எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார் என்று பேச்சு. 1944 நவம்பரில் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் கத்தியால் குத்தினார்கள், மறுநாள் இறந்துபோனார். அந்த வழக்கில்தான் நம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் தண்டிக்கப்பட்டார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947-ல் விடுதலை ஆனார்கள். இரண்டு வருடத்துக்கும் மேல் ஜெயில். கலைவாணர் மறுபடி எழுந்துவிட்டார். பாகவதரால் பழைய இடத்துக்கு வர முடியவில்லை.

இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழில் சினிமா எழுத்து என்றாலே முகம் சுளிக்கிறார்களே, அதற்கு அந்தக் காலத்தில் இருந்தே ஒரு காரணம் இருக்கிறது. சினிமாக்காரர்களைப் பற்றி எழுதுவதும் சினிமாவைப் பற்றி எழுதுவதும் ஒன்று என்று ஆகிவிட்டது. கிசுகிசு எழுதக் கருத்தும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். ஒரு படம் ஒரு ஊரை என்ன செய்கிறது என்று எழுத இரண்டும் வேண்டும்.

உன்னிடம் அதற்கான சரக்கு இருக்கிறது, அதையும் நீ வீணடித்திருக்கிறாய். மலையாளப் படம் பற்றிய உன் கட்டுரையில் ‘மலையாள சினிமாவின் யதார்த்தம்’ என்று ஏழு இடத்தில் வருகிறது, எண்ணினேன். சென்னையில் இருக்கிறவன் சப்டைட்டில் படித்துவிட்டு அப்படித்தான் எழுதுவான். நீ கருங்கல் பக்கத்துக்காரி. உனக்குச் சப்டைட்டில் எதற்கு? மார்த்தாண்டம் தியேட்டரில் அந்தப் படம் ஓடும்போது எந்த இடத்தில் தமிழ்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள், எந்த இடத்தில் ‘இது நம்ம வீட்டுப் பேச்சு’ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று உனக்குத்தான் தெரியும். 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ், டிவியில் இரண்டும், கல்யாண வீட்டில் சத்யா என்கிற இலை விருந்துக்கு வைக்கிற பாயசத்தில் கேரளம் என்று வாழ்கிறோம். எல்லை பிரித்து எழுபது வருடம் ஆகியும் நம் ரசனை களியக்காவிளைச் செக்போஸ்டில் நிற்கவே இல்லை. ஒரு மலையாளப் படம் தமிழ்நாட்டில் ஓடுகிறது என்று எல்லாரும் ஆச்சரியப்பட்டபோது, ‘எங்கள் ஊரில் என் ஆச்சி காலத்தில் இருந்தே ஓடுகிறது’ என்று நீ எழுதியிருக்க வேண்டும்.

தமிழ்ப் படத்தில் ‘நாகர்கோவில் பாஷை’ என்று ஒன்றைப் பேசுகிறார்களே, அதைக் கேட்டு எனக்குக் காது வலிக்கிறது. அது பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன், இப்போது வேண்டாம். தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

நாட்டு நடப்புக்கு வருகிறேன். இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். வாழையும் ரப்பரும் முறிந்து கிடக்க, நாலைந்து நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். எங்களுக்கு அது மரம் விழுந்த செய்தியாகத்தான் இருந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்பது பெரிய செய்தியாக எழுவதற்குச் சில நாள் ஆனது. காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று அரசு சொன்ன எண்ணிக்கை ஒன்று, பங்குத்தந்தைகள் ஊர் ஊராக வீடு ஏறிக் குறித்து வைத்த பட்டியல் இன்னொன்று. டிசம்பர் 7-ம் தேதி குடும்பம் குடும்பமாக வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் சென்னைக்காரர்கள் வரைபடத்தில் எங்கள் கடற்கரையைத் தேடினார்கள்.

நான் அப்போது ஒரு நாளிதழின் நாகர்கோவில் அலுவலகத்தில் இருந்தேன். லட்சத்தீவிலும் மகாராஷ்டிராவிலும் கரையொதுங்கிய விசைப்படகுகளின் பேர்கள் போனில் வந்துகொண்டிருந்தன. ஒரு படகின் பேர் ஒரு புனிதரின் பேர். எந்த ஊர்ப் படகு என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஊர்ப் பேரையும் சேர்த்து, ‘பத்திரமாகக் கரை சேர்ந்தது’ என்று எழுதினேன். கருத்து இல்லை, விமர்சனம் இல்லை, நாலு வரிச் செய்தி. அதே புனிதரின் பேரில் பக்கத்து ஊரில் இன்னொரு படகு இருந்தது. கரை சேர்ந்தது அதுதான். பதிவு எண்ணைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும், நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். கோபப்படவில்லை. ‘இதில் போட்டிருக்கே, அப்போ எங்க போனா பாக்கலாம்?’ என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. சாயா வாங்கிக் கொடுத்தோம், அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பேரை நம்புவதில்லை. எண், தேதி, அப்பா பேர், வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு எல்லாரையும் எரிச்சல்படுத்துவேன். உன் நாற்பது கட்டுரையில் எத்தனை மனிதர்களிடம் பேசியிருக்கிறாய்? அனுப்பிய ஐந்தில் ஒருவர்கூட இல்லை, போகிற போக்கில் வந்த அம்மாவைத் தவிர.

விழிஞ்சம் துறைமுகம் 2025 மே 2-ல் திறக்கப்பட்டபோது அது கேரளச் செய்தியாகத்தான் இருந்தது. அந்தத் துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய டாரஸ் லாரி களியக்காவிளையைத் தாண்டிப் போகிறதே, அந்தக் கல் எந்த மலையில் இருந்து வெட்டியது? அந்த ரோட்டோரத்தில் ஸ்கூலுக்கு நடந்து போகிற பிள்ளையின் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? ஒரு நாள் காலை அந்த ரோட்டில் ஒரு மணி நேரம் நின்று லாரியை எண்ணினால் உனக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர் நாள். மனுவோடு வருகிறவர்களின் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றால் பத்துக் கட்டுரை கிடைக்கும். பஸ் செலவுதான் முதலீடு.

படிப்பு பற்றிக் கேட்டாய். இதழியல் பட்டம் இல்லாமல் வரலாம். என்னோடு வேலை பார்த்த நல்ல நிருபர்களில் ஒருவர் தாவரவியல், இன்னொருவர் பாலிடெக்னிக் பாதியில் விட்டவர். பி.காம். உனக்குப் பலம். பஞ்சாயத்து வரவு செலவுக் கணக்கைப் பார்த்தால் பயப்படாத நிருபர் கிடைப்பது கஷ்டம். மேலே படிக்க வசதி கிடைத்தால் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கான துறை இருக்கிறது, விசாரித்துப் பார்.

பட்டம் இல்லாவிட்டாலும் சட்டம் கொஞ்சம் தெரிய வேண்டும். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு, இரண்டு வருடம் வரை சிறைக்கு இடம் உண்டு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெண்ணையோ குழந்தையையோ அடையாளம் காட்டக் கூடாது. பேரைப் போடாமல் ஸ்கூல் பேரையும் தெருப் பேரையும் போட்டால் நம் ஊரில் அது பேரைப் போட்டதுதான். கோபத்தில் எழுதும்போது இது மறந்துபோகும், எனக்கும் மறந்திருக்கிறது, செய்தியைத் திருத்துகிற டெஸ்கில் இருந்த ஒரு அண்ணன் கடைசி நிமிடத்தில் வெட்டிக் காப்பாற்றினார்.

மாமா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது, அதை நீ கேட்க விரும்ப மாட்டாய். தாலுகா அளவில் பகுதி நேர நிருபருக்குக் கிடைக்கும் பணத்தில் பெட்ரோல் போட்டால் சாப்பாட்டுக்கு இருக்காது. அதனால்தான் பிரஸ்மீட் முடிந்ததும் நீட்டுகிற கவரைப் பலர் வாங்குகிறார்கள். முதல் தடவை எனக்கு நீட்டியபோது அது அழைப்பிதழ் என்று நினைத்துப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஐந்நூறு ரூபாய்! திருப்பிக் கொடுத்தேன், கொடுத்தவருக்கு என்மேல் கோபம் வந்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதைவிட அதிகம். வீட்டில் அரிசி இருந்ததால் திருப்பிக் கொடுக்க முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவருக்கு அரசு வேலை. ஆகவே பேங்க் பரீட்சைக்குப் படி. அதற்கும் தினமும் பேப்பர் படிக்கத்தான் வேண்டும். ஒரு வருடம் இரண்டையும் இழுத்துக்கொண்டு போ. வருமானத்துக்கு வழி இருக்கிற நிருபரை விலைக்கு வாங்குவது கொஞ்சம் கஷ்டம்.

கருத்தை விட்டுவிடச் சொல்கிறேனா என்று கேட்பாய். கருத்து வருவதை யாரால் நிறுத்த முடியும்? தனியாக ஒரு நோட்டில் எழுதி வை, தேதி போட்டு. ஆறு மாதம் கழித்துப் படித்துப் பார்த்தால் உனக்கே சிரிப்பு வரும், என் நோட்டுகளைப் பார்த்தால் எனக்கு வருகிறது.

இப்போது உனக்கு ஒரு வேலை. பிக்பாஸ் கட்டுரையின் முதல் இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போடு. அம்மாவின் வரியில் இருந்து தொடங்கி 600 சொல்லில் எழுதி எனக்கு அனுப்பு. அம்மாவோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்களாவது அதில் பேச வேண்டும், அவர்கள் ராத்திரி என்ன பார்க்கிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள், யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், எந்த விளம்பரத்தில் எழுந்துபோய் அரிசி களைகிறார்கள். ஊரும் பேரும் மாற்றிக்கொள், அவர்கள் சொன்னதை மாற்றாதே. ஆபீசுக்குள் போகாதே, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேள். வாரக்கூலி போட்ட நாள் சாயங்காலமாகப் பார்த்துப் போ, அன்றைக்குத்தான் பேச நேரம் இருக்கும். போகும்போது கையில் ஏதாவது கொண்டு போ. முந்திரிக்கொத்து வேண்டாம், அது பாசிப்பயறுப் பலகாரம்தான், ஆனாலும் முந்திரி என்ற பேரைக் கேட்டாலே அவர்களுக்குச் சலிப்பாக இருக்கும்.